வெயிலுக்குப் பஞ்சமில்லை... வைட்டமின் ‘டி’ மட்டும் ஏன் குறைகிறது?

எலும்பு, தசை, மனம்... நெய்வேலி வட்டாரக் குடும்பங்களுக்கான வெயில் கணக்கு

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு சேர்ந்து கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் தொடங்கப்பட்டது, 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார், 1962-ல் மின்சாரம் வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெயிலைக் குடித்து வளர்ந்த மரங்களும் செடிகளும்தான் மண்ணுக்குள் புதைந்து இப்படி நிலக்கரி ஆகின. அந்தக் காலத்து வெயிலைத் தோண்டி எடுத்துத்தான் இன்றைக்கு விளக்கு எரிகிறது.

ஆனால், இன்றைய வெயில்? கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்து மாதம் காய்கிற வெயில், அங்கே வாழ்கிறவர்களின் உடம்பில் எவ்வளவு நேரம் படுகிறது?

“கீழே உட்கார்ந்தா கையை ஊன்றாம எந்திரிக்க முடியல”, “கால் எலும்பெல்லாம் குடையுது”, “படி ஏறினா தொடை நடுங்குது”, “எதிலேயும் மனசு ஒட்டல, எப்பவும் அசதியா இருக்கு”... நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இதில் ஒன்றிரண்டு புலம்பலாவது கேட்கும். ‘வயசாகுதில்ல’ என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எனக் காரணங்கள் பல இருக்கலாம். அந்த வரிசையில், பலரும் நினைத்தே பார்க்காத ஒன்று வைட்டமின் ‘டி’ குறைபாடு. வெயில் கொளுத்தும் ஊரில் அது எப்படிக் குறையும் என்ற எண்ணம்தான் இந்தக் குறையை மறைத்துவிடுகிறது.

தோல்தான் அடுப்பு!

மற்ற வைட்டமின்கள் சாப்பாட்டில் வருகின்றன. ‘டி’ மட்டும் பெரும்பாலும் உடம்பிலேயே தயாராகிறது. தோலில் ஒருவகைக் கொழுப்புப் பொருள் எப்போதும் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதா ‘பி’ கதிர் அதன்மீது பட்டால், அது வைட்டமின் ‘டி’-யாக மாறுகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் அடைந்த பிறகுதான் வேலைக்குத் தயாராகிறது. கல்லீரல், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது குறைவதற்குக் காரணம் இதுவே.

இதன் முதல் வேலை, சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச்சத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏற்றுவது. வைட்டமின் ‘டி’ போதுமான அளவு இருந்தால், உண்ணும் சுண்ணாம்புச்சத்தில் 30 முதல் 40 சதவிகிதம் வரை உடம்பில் சேரும். இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவிகிதம்தான். மீதி வீண். உரத்தைக் கொட்டிவிட்டு மண்ணில் ஈரம் இல்லாமல் விட்ட கதைதான்.

ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து குறைந்தால் இதயமும் நரம்பும் ஒழுங்காக இயங்காது. அதனால் உடம்பு, எலும்பில் சேர்த்து வைத்திருப்பதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு இது ரிக்கெட்ஸ் என்ற நோயாக வருகிறது. கால் வில்லாக வளையும், மணிக்கட்டு தடிக்கும். பெரியவர்களுக்கு எலும்பு மெலிந்து மிருதுவாகிறது. முழங்காலுக்குக் கீழேயும் இடுப்பிலும் விலாவிலும் வலி எடுக்கும். தொடைத் தசை பலம் இழக்கும். குந்தி உட்கார்ந்தவர் எழ முடியாமல் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடு சொன்ன பாடம்

இந்தக் கண்டுபிடிப்பில் கால்நடைகளுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக் என்ற விஞ்ஞானி கறவை ஆடுகளை ஆராய்ந்தார். கொட்டிலிலேயே கிடந்த ஆடுகள் சுண்ணாம்புச்சத்தை இழந்துகொண்டே வந்தன. கோடை வெயிலில் வெளியே திரிந்தவற்றுக்கு அந்த இழப்பு இல்லை. அதற்கான விளக்கம் பிறகுதான் கிடைத்தது. 1919-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் ஒளியிலேயே குணப்படுத்தினார். 1922-ல் மெக்கொல்லம் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மீன் எண்ணெயில் ரிக்கெட்ஸைத் தீர்க்கும் பொருள் ஒன்று இருப்பதை நிரூபித்தார். ஏ, பி, சி வரிசையில் அடுத்ததாக அதற்கு ‘டி’ என்று பெயர் விழுந்தது.

கோழி வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கூண்டில் அடைத்து வளர்க்கும் முட்டைக் கோழிக்குத் தீவனத்தில் ‘டி3’ கலக்காவிட்டால் ஓடு மெலியும், தோல்முட்டை விழும், குஞ்சுகளுக்குக் கால் வளையும். புறக்கடையில் மேயும் கோழிக்கு வெயிலே அதைத் தந்துவிடுகிறது. கோழித் தீவனத்தில் ‘டி3’ இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் குடும்பத்தில், வீட்டுப் பெண்களுக்கு அது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

திருப்பதியில் அளந்தார்கள்

நெய்வேலிக்கு வடக்கே, ஏறக்குறைய இதே வெயில் அடிக்கும் ஊர் திருப்பதி. அங்குள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையத்தில் டாக்டர் சி.வி.ஹரிநாராயண் குழுவினர், நகரத்திலும் கிராமத்திலும் ஆரோக்கியமாக இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். நகரத்தாரைவிட வயலில் உழைக்கும் கிராமத்தாருக்கு வைட்டமின் ‘டி’ அளவு கூடுதலாக இருந்தது. ஆனால், கிராமத்திலும் பலருக்குக் குறைபாடு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அது அதிகம். அதோடு, சாப்பாட்டில் சுண்ணாம்புச்சத்து குறைவாகவும், அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ‘பைட்டேட்’ என்ற தானியப் பொருள் அதிகமாகவும் இருந்தது.

கிராமத்துப் பெண்ணுக்கு ஏன் குறைகிறது? களை எடுக்கும் பெண்களைப் பார்த்தாலே பதில் தெரியும். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு. வெயிலில் நிற்பார்கள், ஆனால் வெயில் படுவது முகத்திலும் விரல்களிலும் மட்டும்தான். பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரத்தில் முந்திரி பொறுக்கும் வேலை மர நிழலில் நடக்கிறது. கொட்டை உடைப்பதும் தோல் உரிப்பதும் கூரைக்கு அடியில், நாள் முழுக்க உட்கார்ந்தபடி.

டவுன்ஷிப்பிலும் இதே கதைதான். இரவு ஷிப்ட் முடித்தவர் வெயில் ஏறும் நேரத்தில் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்குகிறார். ராட்சத இயந்திரத்தை இயக்குபவர் திறந்தவெளிச் சுரங்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் கேபினுக்குள். சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், புற ஊதா ‘பி’ கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஒரு காலத்தில் ஏர் பிடித்த குடும்பத்தில், நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு பிள்ளைகள் அலுவலகம், கடை, டியூஷன் எனக் கூரைக்கு அடியிலேயே வாழ்கிறார்கள். நிலத்தோடு வெயிலும் போய்விட்டது.

புகைக்கும் தூசுக்கும் இதில் பங்கு உண்டு. டெல்லியில் காற்று மாசு அதிகமுள்ள பகுதியில் வளர்ந்த குழந்தைகளையும், மாசு குறைந்த பக்கத்து ஊர்க் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2002-ல் வெளியானது. மாசு அதிகமுள்ள பகுதிக் குழந்தைகளுக்கு வைட்டமின் ‘டி’ பாதிகூட இல்லை. காற்றில் மிதக்கும் தூசு, தேவையான கதிரை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. ஆலை, அனல்மின் நிலையம், கல்குவாரி, நெடுஞ்சாலை பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நிழலே கடிகாரம்

‘காலை இளவெயில்தான் உடம்புக்கு நல்லது’ என்று காலம்காலமாகச் சொல்லப்படுகிறது. நடைக்கும் மனதுக்கும் அது நல்லதுதான். ஆனால், வைட்டமின் ‘டி’-க்கு உதவாது. சூரியன் சாய்வாக இருக்கும்போது புற ஊதா ‘பி’ கதிர் காற்று மண்டலத்தைக் கடந்து வருவதே குறைவு. அதே திருப்பதி குழுவினர், தோலில் உள்ள அந்தக் கொழுப்புப் பொருளைச் சிறு குப்பிகளில் அடைத்து, காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் வைத்து மணிக்கு மணி அளந்தார்கள். காலை 11 முதல் பகல் 2 மணி வரைதான் மாற்றம் நன்றாக நடந்தது.

இதற்குக் கடிகாரமே தேவையில்லை. வெயிலில் நின்று நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால், தோலில் வைட்டமின் ‘டி’ தயாராகும் நேரம். நீளமாக இருந்தால் பலன் சொற்பம். நெய்வேலியில் சித்திரை மாதத்தில் காலை 9 மணி அளவிலேயே நிழல் குட்டையாகத் தொடங்கிவிடும். மார்கழியில் 10 மணிக்கு மேல் ஆகும். வடநாட்டுக் குளிர்காலம்போல இங்கே வெயில் பலம் இழப்பதில்லை என்பது நமக்குக் கிடைத்த வரம்.

நண்பகல் வெயிலில் கிடக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கத்திரி வெயில் காலத்தில் 9.30 மணிக்கு மேல் 10.30-க்குள் முடித்துக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் 10 முதல் 12 மணிக்குள் 20, 30 நிமிடம். வாரத்தில் மூன்று, நான்கு நாள். முகத்தை மூடிக்கொண்டாலும் பரவாயில்லை, முழங்கைக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் வெயில் பட வேண்டும். தோல் கறுப்பாக இருந்தால் நிறமியே குடைபோல மறைக்கும், அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை. தோல் எரியும்வரை நிற்கக் கூடாது. தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ உடனே நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. மாடியில் வற்றல், வடகம் பிழியும் நேரம், களத்தில் முந்திரிக்கொட்டை காயவைக்கும் நேரம், துணி உலர்த்தும் நேரம் எல்லாமே அந்த நேரம்தான். வற்றல் காயும் வெயில்தான் வைட்டமின் ‘டி’ வெயில். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டால் போதும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

சாப்பாட்டில் ‘டி’ உள்ளவை குறைவு. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்கள், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் உண்டு. கடலூர் மீன் வரும் சந்தைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. விலை குறைந்த மத்தி இந்த விஷயத்தில் வஞ்சிரத்துக்கு இளைத்ததல்ல. சைவம் சாப்பிடுபவர்களுக்குக் காளான் உதவும். நறுக்கிய காளானைப் பகல் வெயிலில் அரை மணி, ஒரு மணி நேரம் காட்டினால் அதில் ‘டி2’ கணிசமாகக் கூடுகிறது. பால் பாக்கெட், எண்ணெய் பாக்கெட்டில் ‘+எஃப்’ என்ற நீல முத்திரை இருந்தால், அதில் ‘ஏ’, ‘டி’ வைட்டமின்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்று அர்த்தம்.

கூடவே சுண்ணாம்புச்சத்தும் வேண்டும். அது இல்லாமல் ‘டி’ மட்டும் இருந்து பயனில்லை. பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல், முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், அகத்திக்கீரையில் ஏறக்குறைய 900, எள்ளில் 1,000-க்கு மேல் இருக்கிறது. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120. கேழ்வரகை முளைகட்டினாலோ, கூழாகப் புளிக்க வைத்தாலோ பைட்டேட் குறைந்து சத்து சேர்வது கூடும். புளித்த கூழுக்கு முருங்கைக்கீரைத் துவட்டலும் ஒரு துண்டு மத்திக் குழம்பும் சேர்ந்தால், காசு கொடுத்து வாங்கும் சத்துமாவுக்கு அது குறைந்ததல்ல.

மனச்சோர்வுக்கு இது மருந்தா?

வைட்டமின் ‘டி’ வந்து அமரும் இடங்கள் மூளையிலும் இருக்கின்றன. மனச்சோர்வு உள்ள பலருக்கு ரத்தத்தில் ‘டி’ குறைவாக இருப்பதும் உண்மை. இதை வைத்து, ‘மனசு சரியில்லையா? டி மாத்திரை போடுங்கள்’ என்று சொல்வோர் பெருகிவிட்டார்கள். ஆனால், மனம் சோர்ந்தவர் வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. அதனாலும் ‘டி’ குறையும். எது காரணம், எது விளைவு?

அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டோரிடம் ஐந்து ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 2,000 ஐ.யூ. வைட்டமின் ‘டி’, மறு பாதிக்கு வெற்று மாத்திரை. 2020-ல் முடிவு வந்தது. மனச்சோர்வு வருவதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது, பொதுவாக எல்லோருக்கும் மாத்திரை கொடுத்து மனச்சோர்வைத் தடுக்க முடியாது.

அப்படியானால் தொடர்பே இல்லையா? இருக்கிறது, வேறு வழியில். எலும்பு குடைந்து, தசை தளர்ந்து, இரவு தூக்கம் கெட்டவருக்கு மனம் எப்படித் தெளிவாக இருக்கும்? குறைபாடு இருந்து, அது சரியாகி வலி குறையும்போது மனமும் லேசாகும். இன்னொன்று, பகல் வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடம்பின் தூக்கக் கடிகாரத்தை முடுக்குகிறது. இது வைட்டமின் ‘டி’ வழியாக நடப்பதல்ல. இந்த வேலைக்குக் காலை இளவெயிலே போதும். ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்கள், விழித்திருக்கும் பகலில் கொஞ்ச நேரமாவது வெளிச்சத்தில் நடப்பது தூக்கத்துக்கு நல்லது.

கடன், பயிர் இழப்பு, நிலம் கைவிட்டுப்போன வேதனை... இவற்றால் வரும் மனச்சோர்வை எந்த வைட்டமினும் தீர்க்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, அழுகை, ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு இருந்தால் அது நோய், சிகிச்சை உள்ள நோய். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணிலும், 104 என்ற எண்ணிலும் எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். சாகத் துணிந்ததுபோல ஒருவர் பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள், பூச்சிக்கொல்லி மருந்துகளைப் பூட்டி வையுங்கள்.

ஊசி போட்டால் போதுமா?

குறைபாட்டைக் கண்டுபிடித்த மருத்துவர் வழக்கமாக எழுதித் தருவது, வாரம் ஒன்று வீதம் சில வாரங்களுக்கு 60,000 ஐ.யூ. மாத்திரை அல்லது பொடி. அதைத் தினம் ஒன்று என்று தவறாக எண்ணிச் சாப்பிட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. இந்த வைட்டமின் சிறுநீரில் எளிதில் வெளியேறாது, கொழுப்பில் தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்புவரை கொண்டுபோகும்.

‘ஒரே ஊசியில் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை’ என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் ஐ.யூ. கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவு அதிர்ச்சி தந்தது. மருந்து வாங்கியவர்கள்தான் அதிகமாகக் கீழே விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம். மொத்தமாகக் கொட்டுவதைவிடச் சிறிது சிறிதாகக் கொடுப்பதே நல்லது என்பது உரத்துக்கு மட்டுமான பாடமல்ல.

வாசகர்களுக்கு எழக்கூடிய சில கேள்விகள்

? எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

தேவையில்லை. தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் காசு செலவழித்துப் பரிசோதிக்க வேண்டியதில்லை. எலும்பு வலி, தொடைத் தளர்ச்சி, லேசாக விழுந்தாலே எலும்பு முறிவது, வலிப்புக்கு மருந்து சாப்பிடுவது, சிறுநீரக, கல்லீரல் நோய் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதிக்கலாம். ஒரு மில்லி ரத்தத்தில் 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

? கைக்குழந்தையைக் காலையில் வெயிலில் காட்டினால் போதாதா?

போதாது. தாய்ப்பால் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனால், அதில் வைட்டமின் ‘டி’ மட்டும் குறைவு. பிறந்ததிலிருந்து ஒரு வயதுவரை தினமும் 400 ஐ.யூ. சொட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். பாட்டிலில் உள்ள சொட்டு மருந்தின் வீரியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், எத்தனை சொட்டு என்பதை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

? சிறுநீரகக் கல் இருந்தவர்கள் இந்த மாத்திரையைச் சாப்பிடலாமா?

தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. முன்பு கல் வந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்லும் அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

? புறக்கடைக் கோழி தோல்முட்டை இடுகிறது. வெயில் போதவில்லையா?

பகலில் வெளியே மேயும் கோழி என்றால், சுண்ணாம்புச்சத்துக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள், தேவையானதைக் கோழியே கொத்திக்கொள்ளும். அடைத்தே வளர்த்தால் தீவனத்தில் ‘டி3’ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகும் தொடர்ந்தால் நோயாகவும் இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாளைக் காலை 10 மணிக்கு வற்றல் தட்டை மாடிக்கு எடுத்துப் போகும்போது, வீட்டில் கால் வலிக்கிறது என்று படுத்திருக்கும் அம்மாவையும் கைபிடித்து அழைத்துப் போங்கள். அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து காக்கா விரட்டட்டும். வலி அப்போதும் குறையாவிட்டால், ‘வயசாகுது’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.